மஞ்சள் சுவர் கறுப்பாக வந்தது: ஆட்டோகேட் கலர் பிளாட்

வணக்கம் மக்களே. இதோ இந்த ஏ1 தாளைப் பாருங்கள், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நான் வரைந்தது, பிளாட்டர் என்ற பெரிய பிரின்ட்டரில் எடுத்துத் தரும் பிளாட் கடையிலிருந்து நேற்று சாயங்காலம் வந்தது, பார்த்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை.

போன வீடியோவில் காட்டினேனே, அந்தப் பழைய வீட்டு ரெனவேஷன் வேலைதான். இந்த மாதிரி வரைபடத்தில் நிறம் அழகுக்காகப் போடுவதில்லை. நேஷனல் பில்டிங் கோடில், அதாவது இந்தியக் கட்டட விதித் தொகுப்பில், இருக்கும் பட்டியல்படி, ஏற்கெனவே இருக்கும் கட்டுமானம் கறுப்பு, இடிக்கப்போவது மஞ்சள் ஹேட்ச் (உள்ளே கோடு போட்டு நிரப்புவது), புதிதாகக் கட்டுவது சிவப்பு. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், இந்த மூலை தெரிகிறதா? சமையலறைச் சுவர். மஞ்சளாக இருக்க வேண்டியது கன்னங்கரேல் என்று இருக்கிறது. இதைப் பார்க்கும் மேஸ்திரி அந்தச் சுவரைத் தொடவே மாட்டார். பக்கத்தில் சிவப்பு மட்டும் சிவப்பாகவே வந்திருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைக்குத் திரும்பப் போனேன். "உங்க ஃபைல்ல அப்படித்தான் இருக்கு சார்" என்றார்கள். 120 ரூபாய் ஒரு தாளுக்கு. மறுபடி எடுக்கவும் 120. காசுக்காகச் சொல்லவில்லை, ஆனால் தப்பு யாருடையது என்று தெரியாமல் இன்னொரு 120 கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் அங்கேயே நின்று அவர்கள் சிஸ்டத்தில் பிளாட் விண்டோவைத் திறக்கச் சொன்னேன். மோனோகுரோம் சிடிபி போட்டிருக்கிறார்கள்! சிடிபி என்றால், எந்த நிறம் தாளில் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் ஃபைல். இந்த மோனோகுரோம், ஆட்டோகேட் 1 முதல் 255 வரை எண் போட்டு வைத்திருக்கும் இன்டெக்ஸ் நிறம் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்ணால் (ஆர்ஜிபி) சொல்லும் ட்ரூ கலரை மட்டும் தொடாது. என் மஞ்சள் இன்டெக்ஸ் 2. சிவப்பு, ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் அனுப்பிய பிளாக்கில் (ஒன்றாகச் சேர்த்த வரைபடத் துண்டு) ட்ரூ கலராக, 255, 0, 0 என்று உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

இரண்டாவது பிரின்ட்டுக்குக் காசு வாங்கவில்லை. கேட்டு வாங்கியதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் அதுவும் சரியாக வரவில்லை. நிறத்தை அப்படியே விடும் ஏகேட் சிடிபி போட்டு நானே பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தேன், மஞ்சள் மஞ்சளாகத்தான் வந்தது, ஆனால் கை நீட்டுகிற தூரத்தில் தாளைப் பிடித்தால் ஹேட்ச் இருக்கிற இடமே தெரியவில்லை. மாடல் ஸ்பேஸின், அதாவது நாம் வரையும் திரையின், கறுப்புப் பின்னணியில் கண்ணைப் பறிக்கும் 255, 255, 0 வெள்ளைத் தாளில் கரைந்துபோகிறது. வரைபடத்தின் பெயரும் விவரமும் இருக்கும் டைட்டில் பிளாக்கில் இருந்த நீலம், இன்டெக்ஸ் 5, கத்திரிப்பூ நிறத்தில் வந்தது. திரையில் நீலம் ஒளி. பிளாட்டரில் அதைச் சயான் மையும் மஜென்டா மையும் கலந்து கொண்டுவர வேண்டும், இரண்டும் முழுசாக இறங்கினால் ஊதா பக்கம் சாய்ந்துவிடும்.

சரி, நான் செய்தது இதுதான். லேயர் நிறத்தை மாற்றவில்லை, வரையும்போது எனக்கு அந்த மஞ்சள் வேண்டும். ஸ்டைல்ஸ்மேனேஜர் என்று கமாண்ட் அடித்தால் சிடிபி ஃபோல்டர் திறக்கும். ஏகேட் சிடிபியைக் காப்பி எடுத்து, ஃபார்ம் வியூவில் கலர் 2-க்கு 230, 165, 0 கொடுத்தேன், கலர் 5-க்கு 0, 80, 170. திரையில் பழைய நிறம், தாளில் புது நிறம். புள்ளிகளைக் கலந்து நிறம் காட்டும் டிதரிங்கை ஆஃப் செய்தேன், அது இருந்தால் மெல்லிய கோடுகள் புள்ளிபுள்ளியாக உடைகின்றன. ஹேட்ச் கோட்டை 0.25 மி.மீ. ஆக்கினேன்.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கன்சல்டன்ட் பிளாக்கில் இருக்கும் ட்ரூ கலருக்குச் சிடிபி வேலை செய்யாது. அதை முதலில் இன்டெக்ஸ் 1-க்கு மாற்றுங்கள், அப்புறம்தான் சிடிபியைத் தொட வேண்டும். பிடிஎஃப் இல்லாமல் ஆட்டோகேட் ஃபைலான டிடபிள்யூஜி-யாகவே கொடுப்பதாக இருந்தால், கூட வேண்டிய ஃபைல்களையும் சேர்த்துக் கட்டும் ஈடிரான்ஸ்மிட் கமாண்ட் போடுங்கள், சிடிபியும் கூடவே போகும். நான் வெறும் டிடபிள்யூஜியை பென் டிரைவில் கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நிறத்தைச் சோதிக்க நான் எடுத்த இந்த ஏ4 துண்டு. இரண்டு சென்டிமீட்டர் சதுரங்கள், முழுதாக நிறம் நிரப்பிய சாலிட் ஹேட்ச், ஒவ்வொன்றின் கீழும் ஆர்ஜிபி எண். அதே பிளாட்டர், அதே ரோல். 20 ரூபாய்தான் வாங்கினார்கள்! இதை வாசல் வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் மஞ்சளுக்கு 230, 165, 0 என்று முடிவு செய்தேன், 240, 200, 0 அப்போதும் வெளிறித்தான் இருந்தது. அந்தத் துண்டை எடுக்கும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது, பிளாட்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் பேப்பர் டைப் கிளாஸி (பளபளப்புத் தாள்) என்று இருக்கிறது, ரோலோ சாதா பாண்ட் பேப்பர். அதனால் மை அதிகமாக இறங்கி, சிவப்புச் சதுரத்தின் ஓரம் கசிந்திருந்தது. பிளெய்ன் என்று மாற்றச் சொன்னதும் ஓரம் கத்தி மாதிரி வந்தது, இதோ பக்கத்தில் பாருங்கள்.

ஆட்டோகேட் ஆர்ஜிபி எண்ணைத்தான் அனுப்பும், அதை மையாக மாற்றுவது டிரைவர், அதனால் என் எண்கள் உங்கள் கடை பிளாட்டரில் அப்படியே வராது. சதுரங்கள் இருக்கும் ஃபைலை டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர்க் கடையில் எடுத்துப் பார்த்து, மஞ்சளுக்கு எந்த எண் வந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள்.