வேலூர் அருங்காட்சியகத்துக்குக் காரில் வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது?

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறது. அந்த நேயர் இவ்வாறு கேட்கிறார்: "வேலூர் கோட்டையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பிள்ளைகள் இருவருக்கும் காட்ட வேண்டும் என்று சென்ற முறை காரில் புறப்பட்டு வந்தோம். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் நிறுத்த இடம் கிடைக்காமல் திரும்பிவிட்டோம். இம்முறை மாமியாரும் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிக தூரம் நடக்க முடியாது. எங்கே நிறுத்தலாம், எந்த நேரத்தில் வரலாம் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்."

நல்ல கேள்வி, அம்மா. இதே காரணத்தால் அருங்காட்சியகம் பார்க்காமலேயே திரும்பிப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் இடம் தேடியது தெருவில். தேட வேண்டியது கோட்டைக்குள்ளே. அத்துடன் எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறீர்கள் என்பதுதான் இடம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கிறது.

முதலில் அந்தப் பகுதியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கோட்டையைச் சுற்றிலும் அகழி இருக்கிறது. உள்ளே போவதற்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அந்த வாசலுக்கு எதிர்ப்புறத்திலும் அக்கம்பக்கத்திலும்தான் பழைய பேருந்து நிலையம், நேதாஜி மார்க்கெட், லாங் பஜார், சற்றுத் தள்ளி சிஎம்சி மருத்துவமனை என்று நகரத்தின் நெரிசல் முழுவதும் திரண்டு நிற்கிறது. மருத்துவமனைக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களை ஏற்றி இறக்கும் ஆட்டோக்கள், மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டிகள், பேருந்துகள் எல்லாம் அண்ணா சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும்தான் நம்பியிருக்கின்றன. அங்கே சாலையோரத்தில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் தெரிந்தாலும், அது பெரும்பாலும் ஒரு கடையின் வாசலாகவோ, பேருந்து திரும்பும் இடமாகவோ, நிறுத்தத் தடை உள்ள பகுதியாகவோதான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிறுத்திவிட்டுப் போனால், தமிழ்நாட்டில் முதல் முறைக்கு 500 ரூபாயும், அதே தவறை மீண்டும் செய்தால் 1,500 ரூபாயும் அபராதம் விதிக்கிறார்கள். தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் நிற்கும்போது மனம் முழுக்க வண்டியின் மீதே இருக்குமானால் வந்ததில் என்ன பயன்? ஆகவே தெருவில் நிறுத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் அருங்காட்சியகமும் இருப்பதால், அந்த ஒரே வாசல் வழியாகக் கார்களும் இருசக்கர வாகனங்களும் உள்ளே போய் வருகின்றன. வாசலில் காவலர் நின்றால் அவரிடம், "அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறோம், வண்டியை எங்கே விடலாம்?" என்று கேட்டுவிட்டு அவர் காட்டும் பக்கம் செல்லுங்கள். கட்டணம் வாங்கினால் சீட்டைக் கேட்டு வாங்கி, திரும்பும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு எதிரில் எல்லோரும் நெருக்கியடித்து நிறுத்தும் இடத்துக்குப் போகாமல், சற்றுத் தள்ளியிருக்கும் திறந்தவெளியில், வண்டியின் முகப்பு வெளியே போகும் திசையைப் பார்த்து நிற்கும்படி பின்னால் எடுத்து நிறுத்துங்கள். தரிசனம் முடிந்து ஒரே நேரத்தில் பத்துக் கார்கள் கிளம்பும்போது, பின்னால் எடுக்க வழியில்லாமல் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்த்துத் தவிக்க வேண்டியிருக்காது.

இனி நாள், நேரம். அருங்காட்சியகம் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இதை முக்கியமாக நினைவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் பலர், அப்படியே அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம் என்று நினைத்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். அன்று கோயில் கூட்டமும் அதிகம், வண்டி நிறுத்துவதும் சிரமம். தேசிய விடுமுறை நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். பிரதோஷம், மகா சிவராத்திரி, ஆடி வெள்ளி, மார்கழிக் காலைப்பொழுது ஆகியவற்றில் கோட்டைக்குள் கார் நிறுத்த இடம் தேடுவது வீண். காலண்டரில் பிரதோஷம் விழுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்பட்டாலே பாதிச் சிக்கல் தீரும். பெரிய முகூர்த்த நாளாக இருந்தாலும் நகருக்குள் நெரிசல் கூடும்.

உங்கள் வீட்டுக்கு ஏற்றது ஞாயிற்றுக்கிழமை காலைதான் என்று சொல்வேன். மருத்துவமனைக்கு வழக்கமாக வரும் புறநோயாளிகள் கூட்டம் அன்று இருக்காது. அலுவலகப் போக்குவரத்தும் இல்லை. ஆனால் 9.30-க்கு முன்னதாகவே கோட்டைக்குள் வந்துவிட வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை மாலையில் நகரத்தவர்கள் குடும்பத்தோடு கோட்டைக்கும் அருகிலுள்ள பூங்காவுக்கும் வருவார்கள் என்பதால், மாலையில் வரலாம் என்று எண்ண வேண்டாம். வார நாளில்தான் வர முடியும் என்றால் பிற்பகல் 2 மணியளவில் வாருங்கள், காலை நெரிசல் தணிந்திருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும் அந்த நேரம் வேண்டாம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் "நான் உள்ளே வரவில்லை, இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள். சிறு பிள்ளைகளையும் அப்படி விடக் கூடாது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் உள்ளே வெப்பம் வேகமாக ஏறிவிடும்.

எந்தப் பக்கமாக வருவது என்பதும் முக்கியம். நீங்கள் கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வழியில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் புதிய பேருந்து நிலையம், கிரீன் சர்க்கிள் என்று வரிசையாக நெரிசலில் சிக்கி, களைத்துப்போய்த்தான் கோட்டைப் பக்கம் வந்து சேர்வீர்கள். அதற்குப் பதிலாகப் பள்ளிகொண்டா வந்து தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, கொணவட்டம் பக்கமாக நகருக்குள் நுழைந்தால் கிரீன் சர்க்கிளைத் தொடாமலேயே கோட்டையை அடையலாம். பள்ளிகொண்டாவில் சுங்கச்சாவடி இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

கோட்டைக்குள் இடமே இல்லை என்று காவலர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அப்போது பழைய பேருந்து நிலையத்தைச் சுற்ற ஆரம்பிக்காதீர்கள். முதியவரையும் பிள்ளைகளையும் துணைக்கு ஒருவரோடு உள்ளே இறக்கிவிட்டு, ஓட்டுகிறவர் மட்டும் வண்டியை அனுமதி பெற்ற ஒரு கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பி வரட்டும். அல்லது நெரிசல் நாள் என்று முன்கூட்டியே தெரிந்தால், காட்பாடி வழியாகவே வந்து, ரயில் நிலையத்திலுள்ள கட்டண வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிடலாம். அங்கிருந்து காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் 1, 2 எண் நகரப் பேருந்துகள் பழைய பேருந்து நிலையம் வழியாகத்தான் போகின்றன. பேருந்துப் படி ஏறுவது மாமியாருக்குக் கடினம் என்றால் ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குள்ளேயே போய் இறங்குங்கள். வாடகையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனத்தில் வருகிறவர்களுக்கு இவ்வளவு திட்டம் வேண்டாம், உள்ளே எப்படியும் இடம் கிடைத்துவிடும்; ஹெல்மெட்டை மட்டும் வண்டியோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வருவதற்குத் தகுதியான இடம்தானா என்று சிலருக்குத் தோன்றலாம். நிச்சயமாகத் தகுதியான இடம். 1985-இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், பிற்காலப் பல்லவர் முதல் விஜயநகரக் காலம் வரையிலான கற்சிற்பங்கள் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்திலேயே கிடைத்த பழங்கால வெண்கல வாள் ஒன்று இருக்கிறது. அதன் பிடியில் இரண்டு கொம்புகள்போல் பிரிந்து நிற்கும் பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில்தான் சிறை வைத்திருந்தார்கள். அவர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் இங்கே இருக்கிறது. அதைப் பார்க்கும் குழந்தை "ராஜா யாரோடு விளையாடினார்?" என்று கேட்கும், அதற்குப் பதில் சொல்ல நிதானமாக நேரம் வேண்டும். வண்டி ஒழுங்கான இடத்தில் நின்றால்தான் அந்த நிதானம் வரும். அதனால்தான் இத்தனை விவரம் சொல்கிறேன்.

முழங்கால் வலியைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். காரை நேராக நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் அருங்காட்சியக வாசல்வரை வண்டி போகுமா என்று கேட்டு, அங்கே மாமியாரை இறக்கிவிட்டு, பிறகு நிறுத்தப் போங்கள். திரும்பும்போதும் அவர் அங்கேயே நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் போய் வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம். உட்காருவதற்கு ஒரு மடக்கு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும். கோட்டை மதில் மேல் ஏறிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்தால், உங்களில் ஒருவர் அவர்களோடு போக, மற்றவர் மாமியாரோடு கீழே இருங்கள்.