ஆர்டர் இல்லாத மாதம் எப்போது தொடங்குகிறது?

[திரையில்: திறந்து கிடக்கும் லேப்டாப். மூலையில் மணி 11.40.]

தனி ஆளாகத் தொழில் நடத்துகிறீர்கள். ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இதுவரை ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்றியிருக்கிறீர்கள். வெப்சைட்டில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்த்து, மறுபடி பழைய நிறத்துக்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். அனுப்ப வேண்டிய கொட்டேஷன் மட்டும் நான்கு நாளாக டிராஃப்ட்டில் கிடக்கிறது.

இதைச் சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். நீங்கள் தூங்கவில்லையே.

சரி, முதலில் காலண்டரைப் பார்ப்போம்.

[திரையில்: மூன்று மாதக் காலண்டர். "விசாரணை" என்ற இடத்திலிருந்து "பணம்" என்ற இடத்துக்கு ஒரு நீண்ட அம்புக்குறி.]

ஒருவர் விசாரிக்கிறார், பேசி முடிக்கிறோம், அட்வான்ஸ் வருகிறது, வேலையை முடித்துக் கொடுக்கிறோம், அப்புறம் மீதிப் பணத்துக்கு நடையாய் நடக்கிறோம். இதற்கெல்லாம் சேர்த்து வாரக்கணக்கில் ஆகும், சில தொழில்களில் மாதக்கணக்கில். பெரிய நிறுவனத்தில் ஒருவர் வேலை பார்க்கும்போதே இன்னொருவர் அடுத்த ஆர்டரைப் பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே இரண்டு பேரும் நீங்கள்தான். கை நிறைய வேலை இருந்த நாட்களில் புதிதாக யாரிடமும் பேச நேரம் கிடைத்திருக்காது. அந்த மௌனம்தான் இன்று ஆர்டர் இல்லாத மாதமாக வந்து நிற்கிறது.

வலி இன்றைக்குத் தெரிகிறது, காரணம் இரண்டு மாதம் பின்னால் கிடக்கிறது. அதனால் கைக்கு எட்டுவதைப் பிடித்து உலுக்குகிறோம். விலையைக் குறைக்கிறோம், லோகோவை மாற்றுகிறோம். நான் ஒருமுறை தொழிலின் பெயரையே மாற்றினேன்! விசிட்டிங் கார்டு, இன்வாய்ஸ், வெப்சைட் என்று மூன்று வாரம் பரபரப்பாக ஓடியது. அந்த மூன்று வாரத்தில் ஒருவரிடம்கூட வேலை கேட்கவில்லை. அதற்கான பில் இரண்டு மாதம் கழித்து, ஆர்டர் இல்லாத மாதமாக வந்தது.

பெயர் மாற்றியதும் ஆர்டர் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. வந்திருக்கும், பொய்யில்லை. ஆனால் அதற்குப் பெயர்தான் காரணமா? 1886-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகளும் அதேபோல் சராசரிப் பக்கம் நகர்ந்திருந்தார்கள். மாத வருமானமும் கிட்டத்தட்ட இப்படித்தான். படுமோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் அவ்வளவு மோசமாக இருக்காது. இடையில் நீங்கள் என்ன செய்திருந்தாலும் புகழ் அதற்குப் போய்விடும்.

இப்போது மனசுப் பக்கம் வருவோம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, தேய்ந்துபோவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் என்பதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போன களைப்பு, வேலையின்மேல் வெறுப்பு அல்லது விலகல், செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற உணர்வு. அதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறார்கள். மாதக்கணக்கில் லீவு போடாமல் உழைத்த பிறகு இப்படி ஆகியிருந்தால், செய்ய வேண்டியது குறைப்பதுதான். அந்த ஆளிடம் போய் "எழுந்து ஓடு" என்பது கொடுமை.

இன்னொன்று, துருப்பிடிப்பது. வேலை குறைகிறது, அதனால் மனசு தளர்கிறது, தளர்ந்ததால் இன்னும் குறைவாகச் செய்கிறோம். மனச்சோர்வில் நடக்கும் இந்தச் சுழலை 1970-களில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் விளக்கினார். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை ஒன்றைப் பற்றி 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. எண்ணங்களைத் திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு, நோயாளிகளைத் திரும்பச் செயலில் இறக்கும் பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது முழுச் சிகிச்சைக்குச் சளைக்காமல் வேலை செய்தது. மூட் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்கிறோமே, அந்த வரிசையே தலைகீழாக இருக்கலாம்.

தூக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பே இல்லை என்றால் இந்த வீடியோ போதாது. மருத்துவரைப் பாருங்கள்.

துருப்பிடித்தவர் எங்கே கை வைப்பது? பழைய இன்வாய்ஸ்களில். உங்கள் வேலையின் தரம் தெரிந்து, காசு கொடுத்து வாங்கியவர்களின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.

[திரையில்: செய்தி, வரி வரியாகத் தட்டச்சாகிறது.]

"வணக்கம். போன வருடம் உங்களுக்குச் செய்து கொடுத்த கேட்லாக்கை இன்று எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பக்க விலைப்பட்டியல் இந்நேரம் பழையதாகியிருக்கும் என்று தோன்றியது. மாற்ற வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் முடித்துத் தர முடியும்."

மொத்தம் நான்கு வரி. "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், வேலையைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டியிருப்போம். இங்கே அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும். ஆறாம் பக்கம் என்று எழுத, நீங்கள் உண்மையிலேயே அந்த ஃபைலைத் திறந்திருக்க வேண்டும். திறந்ததும் "பரவாயில்லையே, நன்றாகத்தான் செய்திருக்கிறோம்" என்று உங்களுக்கே தோன்றும் பாருங்கள், அதற்காகவே செய்யலாம்.

நேரத்தையும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். "இந்த வாரம் அனுப்புவேன்" என்பதைவிட "லேப்டாப்பைத் திறந்ததும் முதல் வேலையாக ஒன்று அனுப்புவேன்" என்பது நடக்கும் வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட "இது நடந்தால் அதைச் செய்வேன்" திட்டங்களைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்.

அப்புறம், எத்தனை பதில் வந்தது என்று எண்ணாதீர்கள். எத்தனை அனுப்பினீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு நோட்டு, ஒரு செய்திக்கு ஒரு கோடு. ஆப் எல்லாம் வேண்டாம், அதை செட்டப் செய்வதிலேயே ஒரு காலை போய்விடும்.

[திரையில்: டிராஃப்ட் பெட்டி காலி. மணி 11.58.]

கொட்டேஷன் போய்விட்டது. பதில் இல்லை. இன்றைக்கு வராமலும் போகலாம். நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, இன்வாய்ஸ் ஃபோல்டரில் அடுத்த பெயரைத் திறங்கள்.