வேதாளத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் மாறி, பஸ் மாறி இந்த சயான் அரங்குக்கு வந்திருக்கும் மும்பைத் தமிழ் உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"மர்மத் தொடரின் முடிச்சை ரசிகர்கள் முன்கூட்டியே ஊகிப்பது ரசனையைக் கூட்டுகிறதா, கெடுக்கிறதா?" என்பது தலைப்பு. கூட்டுகிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு நல்ல உவமை சொன்னார். கதை சொல்கிறவர் நம் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாராம், ஊகிக்கிறவர்கள் அந்தக் கையை உதறிவிட்டு முன்னால் ஓடுகிறார்களாம். கைதட்டலும் வாங்கினார்.

தம்பி, நம் பாட்டிமார் சொன்ன விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் என்ன செய்தது? ராஜாவின் தோளில் தொங்கியபடி கதை சொன்னது. கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டது. பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும் என்றது. கதை சொன்ன வேதாளமே கேட்டவனின் ஊகத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது! அவன் வாயைத் திறந்தான், அது மறுபடியும் முருங்கை மரம் ஏறியது. அவனுக்கு நஷ்டம் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் பதில் சொன்னதால்தான் அடுத்த கதை வந்தது. சும்மா கேட்டுக்கொண்டே நடந்திருந்தால் முதல் கதையோடு எல்லாம் முடிந்திருக்கும்.

சரி, பழங்கதையை விடுவோம். என் வீட்டுக்கு வருகிறேன்.

செம்பூரில் இரண்டு அறை வீடு. என் அம்மா மேல்மலையனூர்ப் பக்கம் பிறந்தவர், அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். என் மகள் இங்கேயே பிறந்தவள். பள்ளியில் ஆங்கிலம், கட்டடத்துக்குக் கீழே இந்தி, பஸ்ஸில் மராத்தி. தமிழ் அவளுக்குப் பாட்டியோடு பேச மட்டும்தான், அதுவும் "சாப்டியா, தூங்கினியா" அளவில் நின்றிருந்தது. 2022 ஜூனில் 'சுழல்' தொடர் வந்தது. புஷ்கரும் காயத்ரியும் எழுதிய எட்டுப் பகுதிகள். ஒரு சிறிய ஊர், ராத்திரியில் எரிந்துபோகும் தொழிற்சாலை, காணாமல் போகும் தொழிற்சங்கத் தலைவரின் மகள். ஊரோ மயானக் கொள்ளைத் திருவிழாவில் மூழ்கிக் கிடக்கிறது.

முதல் நாள் இரண்டு பகுதி பார்த்தோம். அம்மா சொன்னார்: "வேஷம் கட்டிட்டா சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியாது. எனக்கென்னமோ அந்தக் கூட்டத்துலதான் சந்தேகம்." மகள் திரும்பி, "வேஷம் கட்டுறதுன்னா என்ன பாட்டி?" என்று கேட்டாள். அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் மயானத்துக்குப் போவது, முகத்தில் சாயம் பூசிய ஆட்கள், வேண்டுதலுக்காகச் சூறை விடும் காய்கறி, தானியம், சில்லறைக் காசு, ஓடி ஓடிப் பொறுக்கிய தன் சின்ன வயது. அம்மா இதையெல்லாம் எனக்கே சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மறுநாள் மகள் பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, யார் மேல் யாருக்குச் சந்தேகம் என்று கோடு இழுத்தாள். பாட்டிக்கு ஆங்கிலம் படிக்க வராது, அதனால் தமிழிலேயே எழுதினாள். 'சன்முகம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அம்மா பென்சிலை வாங்கி, இரண்டு சுழி ன-வை அடித்துவிட்டு மூன்று சுழி ண-வைப் போட்டார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, இரண்டு பேர் ஊகமும் தப்பு. விடை என்ன என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, பார்க்காதவர்கள் இருக்கலாம். தப்பாகப் போனதும் ஏமாந்து எழுந்து போனார்களா? இல்லை. "இது முன்னாடியே காட்டினாங்களே, எப்படி விட்டோம்?" என்று சொல்லிக்கொண்டு முதல் பகுதியிலிருந்து மறுபடியும் பார்த்தார்கள். ஒரு பார்வை, ஒரு தயக்கம், பாதியில் நிற்கும் ஒரு பதில், எல்லாம் இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டன. ஊகிக்காமல் பார்த்திருந்தால் 'ஓ, இவரா' என்று ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். பந்தயம் கட்டியவருக்குத்தான் ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் தெரியும்.

"கூறாமை நோக்கிக் குறிப்பறிவான் எஞ்ஞான்றும் மாறாநீர் வையக் கணி" என்றார் வள்ளுவர். ஒருவர் வாய் திறந்து சொல்லாமலே, முகத்தைப் பார்த்து உள்ளத்தை அறிகிறவர் இந்த உலகத்துக்கே அணிகலனாம். அரசவையில் இருப்பவருக்குச் சொன்னது அது. ஆனால் மர்மத் தொடரின் ரசிகர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்வதும் அந்தக் குறிப்பறிதல்தான்.

எதிரணியிலிருந்து இன்னொரு அம்மா, முடிவைப் போட்டு உடைக்கிறவர்களைப் பற்றி வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அது வேறு குற்றம். முழுக்கப் பார்த்துவிட்டு வந்து விடையைச் சொல்கிறவர் அடுத்தவர் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார். ஊகிக்கிறவர் இன்னும் பந்தியில் நம் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன பரிமாறுவார்கள் என்று வாசனை பிடிக்கிறார். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தச் சுகத்தைக் களவோடு சேர்க்காதீர்கள்.

ஊகம்தான் ஒரு தொடருக்கு உயிர் என்பதற்கு வெளிநாட்டிலிருந்தே இரண்டு சாட்சி. 1980 மார்ச்சில் அமெரிக்காவின் 'டல்லஸ்' தொடரில் ஜே.ஆர். என்கிற பாத்திரத்தை யாரோ சுட்டார்கள். சுட்டது யார் என்று காட்டியது நவம்பர் 21-ஆம் தேதி. நடிகர்களின் வேலைநிறுத்தத்தாலும் தாமதம். அந்த எட்டு மாதமும் ஊர் முழுக்க அதே பேச்சு, பிரிட்டனில் பந்தயமே கட்டினார்கள். விடை வந்த ராத்திரி அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 கோடிப் பேர் பார்த்தார்கள். எட்டு மாதம் ஊகித்து ஊகித்துச் சேர்ந்த கூட்டம் அது. இன்னொன்று 'ட்வின் பீக்ஸ்'. லாரா பால்மரைக் கொன்றது யார் என்ற கேள்வியோடு 1990 ஏப்ரலில் தொடங்கியது. விடையைச் சொல்லுங்கள் என்று ஒளிபரப்பிய சேனல் நெருக்க, அந்த நவம்பரிலேயே சொன்னார்கள். பார்ப்பவர்கள் குறைந்துபோய், மறு வருஷமே தொடர் நின்றது. ஊகிக்க ஒன்றும் இல்லாதபோது ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள்.

எதிரணியின் வாதங்களில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றுதான். ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்களே என்று பயந்து எழுத்தாளர்கள் கதையை மாற்றிவிடுகிறார்கள், கதை கெடுகிறது என்றார்கள். இந்த அபாயம் இருக்கிறது. ஆனால் இதற்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2014-இலேயே பதில் சொல்லிவிட்டார். அவருடைய நாவல்களின் முடிவைச் சில வாசகர்கள் சரியாக ஊகித்திருந்தார்கள். மாற்றமாட்டேன் என்றார். வேலைக்காரர்தான் கொலையாளி என்று வழியெல்லாம் தடயம் விதைத்துவிட்டு, வாசகர்கள் கண்டுபிடித்ததும் வேலைக்காரி என்று மாற்றினால் விதைத்ததெல்லாம் பொய்யாகிவிடும் என்பது அவர் வாதம். அப்படி மாற்றினால் தவறு மாற்றியவருடையது, கூர்ந்து பார்த்தவருடையது இல்லை.

இந்த ஊரில் நாம் எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஹார்பர் லைன் பெண்கள் பெட்டியில் நாங்கள் நாலு பேர் தினமும் ஏறுகிறோம். பேர் தெரியும், வேலை தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. ஒரு மர்மத் தொடர் வந்துவிட்டால் குர்லாவில் ஒருத்தி பிடித்துக் கொடுத்த ஆளை வடாலா வருவதற்குள் இன்னொருத்தி விடுதலை செய்துவிடுவாள். அந்தச் சாக்கில்தான் அவர்களில் ஒருத்தி திருநெல்வேலிக்காரி என்பதே எனக்குத் தெரிந்தது.

2025 பிப்ரவரி கடைசியில் 'சுழல்' இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை அஷ்டகாளித் திருவிழா. ஒரே கொலை, எட்டு இளம்பெண்கள், ஒவ்வொருத்தியும் நான்தான் கொன்றேன் என்கிறாள். அம்மா அப்போது ஊருக்குப் போயிருந்தார். ராத்திரி பத்தரைக்கு அங்கிருந்து போன், எனக்கு இல்லை, மகளுக்கு. ஸ்பீக்கரில் போட்டாள். "யாரு கொன்னான்னு தேடாதடி. எட்டுப் பேரும் ஏன் ஒரே மாதிரி சொல்றாங்க, அதைப் பாரு." மகள் காலண்டர் தாளைத் தேடிக்கொண்டே, "இருங்க பாட்டி, எழுதிக்கிறேன்" என்றாள்.

நன்றி, வணக்கம்.