உருளைக்கிழங்கு 78, சிப்ஸ் 56: ஜி.ஐ. எண்ணை எப்படிப் படிப்பது?

[திரையில்: ஒரு தட்டில் வேகவைத்த உருளை, இன்னொன்றில் சிப்ஸ்]

ஜி.ஐ. (கிளைசீமிக் இண்டெக்ஸ்) என்பது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று சொல்லும் எண். வேகவைத்த உருளைக்கிழங்குக்கு அது சராசரியாக 78. எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கு 56. அப்போ சிப்ஸே நல்லதா? இல்லை. கொழுப்பு சேர்ந்தால் சாப்பாடு வயிற்றை விட்டு மெதுவாக இறங்கும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். அந்த வேகத்தை மட்டும்தான் இந்த எண் சொல்கிறது. உப்பு, எண்ணெய், கலோரி எதுவும் இந்தக் கணக்கில் வராது.

1981-இல் கனடாவின் டொரண்டோவில் ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த அளவுகோல் இது. 50 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) கிடைக்கிற அளவு உணவைக் கொடுத்து, 2 மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளந்து, அதே அளவு குளுக்கோஸோடு ஒப்பிடுவார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம்.

சிக்கல் அந்த 50 கிராமில் இருக்கிறது. தர்பூசணியின் ஜி.ஐ. 70-ஐத் தாண்டும். ஆனால் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க அரை கிலோவுக்கு மேல் பழம் தின்ன வேண்டும். அதனால் அளவையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். அதற்குப் பெயர் ஜி.எல். (கிளைசீமிக் லோடு).

[திரையில்: சமையலறைத் தராசு, கிண்ணத்தில் சோறு]

150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 42 கிராம். பொன்னி அரிசியின் ஜி.ஐ. 70 என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 70-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஜி.எல். 29. ஒரு உணவை ஒரு முறை பரிமாறும் அளவுக்கு 20 எட்டினாலே அதிகம். சோற்றைப் பாதியாக்குங்கள், 15-க்குக் கீழே வரும். அந்த இடத்தில் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் வையுங்கள். அதற்கு 5 கூட வராது. மொத்தம் 20-க்குள் அடங்கும், வயிறும் நிறையும். அரிசி ரகத்தை மாற்றுவதைவிட இந்த மாற்றம் அதிகம் பலன் தரும்.

“கஞ்சி வடித்தால் சர்க்கரை போயிடுமா?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வடிகிற நீரோடு கொஞ்சம் மாவு போகும். பருக்கைக்குள் இருப்பது அப்படியே இருக்கும். குழையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். குழைந்த சோறு, நைசாக அரைத்த மாவு, நன்றாக மசித்த கிழங்கு எல்லாமே சீக்கிரம் செரிக்கும். ஓட்ஸிலும் இதே கதைதான்: தட்டையாக நசுக்கிய சாதாரண ஓட்ஸ் 55, வெந்நீர் ஊற்றியதும் கரையும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 79. கேழ்வரகு என்பதாலேயே கஞ்சி நல்லது ஆகிவிடாது. மாவு நைசாக, கஞ்சி நீர்க்க இருந்தால் அதுவும் விறுவிறுவென ஏற்றும்.

[திரையில்: அடைமாவு, கரகரப்பு தெரியும்படி அருகில்]

காலைக்கு அடை. இட்லி அரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை, உளுந்து கால் டம்ளர். 3 மணி நேரம் ஊறவைத்து, ரவை பதத்துக்கு அரைக்கவும். தோசைமாவு மாதிரி வழவழப்பாக ஓட்டினால் பருப்பு சேர்த்ததில் பாதி பலன் வீண். இரண்டு அடை போதும். இட்லிதான் என்றால், நான்கை இரண்டாக்கி, கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணமும் ஒரு முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் முதலில் பொரியலும் கூட்டும், கடைசியில் சோறு. அதே தட்டுதான், சாப்பிடும் வரிசை மாறினாலே ஏற்றம் குறையும்.

ராத்திரியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 30 கிராம் மாவில் தேய்த்த சப்பாத்தி ஒன்றில் மாவுச்சத்து 20 கிராம். நான்கு சாப்பிட்டால் 80. உருளைக் குருமா தனி. அந்த 150 கிராம் சோற்றைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இரண்டு சப்பாத்தி, பச்சைப்பயறு கூட்டு, ஒரு கிண்ணம் காய் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிப்புக்குத் தேன் ஊற்றினால் தப்பலாம் என்பதும் நடக்காது: சர்க்கரை 65, தேன் 61.

உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிய, முதல் வாய் சாப்பிட்ட நேரத்தைக் குறித்துவைத்து, சரியாக 2 மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒரு நாள் முழுச் சோறு, மறுநாள் பாதிச் சோறும் சுண்டலும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்க வேண்டாம், தாழ்சர்க்கரை வந்துவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, மீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால் இந்த வீடியோவில் சொன்ன எதுவும் அப்போது உதவாது. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சுண்டலெல்லாம் அதற்கப்புறம்.