குழந்தை கண்ணைத் திருப்பும் நொடி

அவையோருக்கு வணக்கம்.

"எங்கள் காலத்துக் குழந்தைகள் நிகழ்ச்சி மாதிரி இப்போது எதுவும் வருவதில்லை" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. வெறும் ஏக்கம் என்று அதைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். பழைய நிகழ்ச்சி ஒன்றை எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது, ஒரு தெருவில் நடப்பதாகப் பொம்மைகளையும் மனிதர்களையும் வைத்து எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் அமெரிக்க டிவி நிகழ்ச்சி 'செசமி ஸ்ட்ரீட்'.

முதல் ஒளிபரப்பு 1969 நவம்பர் 10. அதற்கு முன்பே எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை வைத்தார். குழந்தைக்கு எதிரே டிவி. பக்கவாட்டில் ஒரு ஸ்லைடு திரை. அதில் ஏழரை நொடிக்கு ஒரு படம் மாறும். குழந்தை எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருவர் உட்கார்ந்து குறிப்பார்.

அந்தக் கோடையில் பிலடெல்பியாவில் முன்னோட்டங்களைப் போட்டுக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது. பொம்மைகள் வந்தால் பார்த்த பிள்ளைகள், மனிதர்கள் மட்டும் வரும் தெருக் காட்சி வந்ததும் கண்ணைத் திருப்பிவிட்டார்கள். பொம்மையையும் மனிதரையும் ஒரே காட்சியில் காட்டினால் குழந்தை குழம்பும் என்று உளவியலாளர்கள் சொன்னதால் தெருவில் பொம்மையே இல்லை! அந்த யோசனையைத் தூக்கிப் போட்டார்கள். பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மையும் ஆஸ்கர் என்ற பொம்மையும் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

அந்தப் பறவையின் உடைக்குள் கொஞ்சம் பாருங்கள். உயரம் எட்டடிக்கு மேல். அன்று அதை உள்ளிருந்து இயக்கிய கலைஞர் கேரல் ஸ்பின்னி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தக் கைதான் பறவையின் தலை. இமையை அசைப்பது சுண்டுவிரல். இடது கை இடது இறக்கைக்குள். வலது இறக்கைக்குக் கையே மிச்சமில்லை. தூண்டில் நரம்பால் இடது கையோடு கட்டியிருப்பதால், இது இறங்கினால் அது ஏறும். வெளியே பார்க்க வழியில்லாததால் நெஞ்சில் ஒரு குட்டி மானிட்டர்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஆங்கில அரிச்சுவடியைச் சொல்லும் சின்னத் துண்டு. எழுத்து முதலில் திரையில் தோன்றும். சற்று நிறுத்தி, பிறகுதான் அதன் பெயரைச் சொல்வார். முதல் தடவை பிள்ளைகள் அவருக்குப் பின்னால் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் போட்டபோது, அவர் வாய் திறக்கும் முன்பே சொன்னார்கள். அந்த இடைவெளி குழந்தைக்கென்றே விட்ட இடம்.

இப்போது இன்றைக்கு வருவோம். 'கோகோமெலன்' என்ற குழந்தைப் பாட்டுக் கார்ட்டூனைத் தயாரிக்கும் லண்டன் நிறுவனமும் இதே சோதனையைத்தான் செய்கிறது. பக்கத்துத் திரையில் ஒருவர் காபி ஊற்றுவார், இன்னொருவர் முடிவெட்டிக்கொள்வார். குழந்தை அங்கே திரும்பினால் குறித்துக்கொள்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் கருவி மாறவில்லை. ஆனால் பால்மரின் குழுவுக்குக் கண் நிலைத்தது பாதி வேலைதான். பார்த்த குழந்தை எழுத்தும் எண்ணும் கற்றதா என்று தனியே சோதித்தார்கள். கண் நிலைத்ததோடு நின்றுவிட்டால், மிஞ்சுவது வேகம் மட்டுமே.

வேகம் என்ன செய்யும்? 2011இல் வந்த ஓர் ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேர். சிலருக்கு 'ஸ்பாஞ்ச்பாப்' என்ற வேகமான கார்ட்டூன் ஒன்பது நிமிடம். சிலருக்கு நிதானமான 'கைலூ' கார்ட்டூன். மற்றவர்களுக்குக் காகிதமும் கலர் பென்சிலும். ஸ்பாஞ்ச்பாப்பில் சுமார் 11 நொடிக்கொரு காட்சி மாற்றம், கைலூவில் சுமார் 34 நொடிக்கு ஒன்று. உடனே வைத்த தேர்வுகளில், பொறுத்திருப்பதிலும் விதியை நினைவில் வைப்பதிலும் முதல் குழு பின்தங்கியது. ஒன்பது நிமிடத்துக்குப் பின் உடனே அளந்தது அது. நிரந்தரக் கேடு என்று யாரும் நீட்டிவிடக் கூடாது.

பழையதெல்லாம் நிதானம் என்பதும் சரியில்லை. செசமி ஸ்ட்ரீட்டையே அன்று வேகம் என்று திட்டினார்கள். புதியதிலும், 2018இல் தொடங்கிய ஆஸ்திரேலிய கார்ட்டூன் 'புளூயி' ஏழு நிமிடத்துக்கு ஒரே கதையைத்தான் சொல்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சியை ஒரு நிமிடம் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். படம் வெட்டி மாறும் ஒவ்வொரு தடவையும் விரல் மடக்குங்கள். பிறகு சத்தத்தைக் கூட்டி, திரையில் யாராவது கேள்வி கேட்டால், அடுத்த சொல் வருவதற்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண முடிகிறதா என்று பாருங்கள்.