அஷ்டமி நவமியில் படகெடுங்கள்

வணக்கம். வானிலை, கடல் ஏற்றவற்றம் பற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வானிலை ஆய்வாளன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டுக்காரன். இருபது வருடத்துக்கு மேல் ஏரியிலும் முகத்துவாரத்துக்கு வெளியே கடலிலும் ஃபைபர் படகு ஓட்டினேன், முழங்கால் தேய்ந்துபோனதால் இப்போது கரையில் உட்கார்ந்துகொண்டு போகிறவர்களுக்கு யோசனை சொல்கிறேன். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் எப்படி உருவாகிறது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அதைச் சொல்ல நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது அவர்களுடைய அறிக்கைக்குள் அடங்காத ஒரு சின்ன இடத்தைப் பற்றி. ஏரியும் கடலும் சந்திக்கிற வாய்.

எங்கள் ஏரியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. நீளம் 60 கிலோமீட்டர் போல இருக்கும், பெரும்பகுதி ஆந்திராவில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா மணல்தீவு படுத்திருக்கிறது. ராக்கெட் விடுகிற நாளில் எங்களைத் தண்ணீரில் இறங்காதே என்பார்கள், அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கேட்போம். இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு மீட்டர். பல இடத்தில் படகு கவிழ்ந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் தைரியமாகிவிடுகிறார்கள், எனக்கோ அப்போதுதான் பயம் வரும்.

ஏனென்றால் ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலை பெரிதாக வளராது, ஆனால் குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். நடுக்கடலில் ஒரு அலை ஏறி இறங்கி அடுத்தது வருவதற்குள் படகு மூச்சு விட்டுக்கொள்ளும். ஏரியில் படகின் முன்முனை, அதாவது அணியம், ஒரு அலையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது உள்ளே தண்ணீரை ஊற்றிவிடும். மே, ஜூன் மாதங்களில் சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து திடீரென்று ஒரு சூறைக்காற்று இறங்கும் பாருங்கள், பத்தே நிமிடத்தில் ஏரியின் முகம் மாறிவிடும். அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள் ஒருவர்தான் என்பது இடிக்கும் தெரியும். வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று ஒரு குறுகிய அறிவிப்பு விடுகிறதே, ஏரிக்குள் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். காலையில் கேட்ட அறிக்கை சாயங்காலத்துக்குப் பழசு.

சரி, அறிக்கைக்கு வருவோம். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் பலத்த காற்று வீசக்கூடும்." இந்த வாக்கியம் நம் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் காதில் விழுவது முதல் எண் மட்டும்தான். படகைக் கவிழ்ப்பது அந்த "இடையிடையே". காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும், 45-க்கும் 65-க்கும் நடுவில் பார்த்தால்கூட பலம் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். இன்னொரு கூத்து, இப்போது பையன்கள் எல்லோரும் போனில் ஆப் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதில் காற்று எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்ப்பதில்லை. போன வருடம் ஒரு தம்பி "பத்துதான்ணே, ஒண்ணுமில்ல" என்று போனைக் காட்டினான். வாங்கிப் பார்த்தால் பத்து கிலோமீட்டர் இல்லை, வினாடிக்குப் பத்து மீட்டர். அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். நாட் என்கிற கடல் கணக்கில் வைத்திருந்தாலும் இதே கதைதான், 15 நாட் என்றால் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர்.

அலை உயரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலையை முன்கூட்டியே சொல்கிறது. அதில் அலை ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று அர்த்தமில்லை, வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதற்குச் சராசரி போட்டது அது. அதைவிடப் பெரியது வரும். இரண்டு மூன்று மணி நேரம் கடலில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கில் ஒன்று வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகும். ஆழ்கடலில் அது வெறும் ஏற்றம் இறக்கம். முகத்துவாரத்து மணல்திட்டின் மேல் வந்தால் அப்படியில்லை, தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டுகிற அலை உடைந்துவிடும். திட்டின் மேல் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்றால் ஒரு ஆள் மார்பளவு அலையே போதும், வெள்ளையாகச் சரிந்து விழும்.

இனி ஏற்றவற்றம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஓதம் என்று படித்திருப்பீர்கள், எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீர் ஏறுது, வத்துது, அவ்வளவுதான். சென்னைப் பக்கத்துக் கடலில் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தில் பாவ்நகர்ப் பக்கம் இது பத்து மீட்டர் போகும், அவர்கள் நம்மைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒரு மீட்டரை நிரப்ப எங்கள் கடல் எவ்வளவு தண்ணீரை ஒரு சின்ன வாய் வழியாக ஏரிக்குள் தள்ளி, பிறகு திரும்ப இழுக்க வேண்டும் என்று யோசியுங்கள். உயரம் கம்மி, ஓட்டம் கம்மியில்லை. அதிலும் கோடையில் மணல் ஏறி வாய் பாதி அடைபட்டிருக்கும்போது ஓட்டம் இன்னும் வெறி பிடித்ததுபோல இருக்கும்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசையில் எத்தனை மணிக்கு ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பௌர்ணமியிலும் ஏறக்குறைய அதே மணிக்குத்தான் ஏறும். தண்ணீர் மிக அதிகமாக ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமி அன்றைக்கே என்று நினைப்பார்கள், பெரும்பாலும் அதற்கு மறுநாள், அதற்கும் மறுநாள்தான். ஓட்டம் மிகக் குறைவாக இருப்பது எப்போது? அஷ்டமி, நவமியை ஒட்டி. என் சித்தப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஊரே நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிற நாள்தான் முகத்துவாரம் தாண்ட நல்ல நாள். புதுப் படகை யாரும் அஷ்டமியில் தண்ணீரில் இறக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. 2006, மாசி மாதம், எனக்கு இருபத்திரண்டு வயது. அமாவாசைக்கு அடுத்த நாள். விடியற்காலையில் போய் வலையை இழுத்துக்கொண்டு மத்தியானம் இரண்டே முக்காலுக்கு முகத்துவாரத்துக்கு வெளியே வந்து நிற்கிறேன். கடல்காற்று தென்கிழக்கிலிருந்து நன்றாக எடுத்துவிட்டது. ஆனால் அது சாதாரண மத்தியானக் காற்று, எந்த அறிக்கையிலும் எச்சரிக்கை இல்லை, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நான் ஏற்றவற்ற அட்டவணையைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வற்றம் மூன்று மணி சொச்சம் என்று போட்டிருந்தது. வற்றி முடிகிற நேரம், தண்ணீர் நிற்கும், நிற்கிற தண்ணீரில் சுலபமாக உள்ளே போய்விடலாம். இதுதான் என் கணக்கு. பக்கத்தில் இன்னொரு படகில் சித்தப்பா நங்கூரம் போட்டுவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "டேய், இருடா. இன்னும் திரும்பல" என்று கத்தினார். அவர் கையில் அட்டவணையும் இல்லை, கடிகாரமும் இல்லை. எனக்கு அப்போது அவரைவிட அச்சடித்த காகிதத்தின் மேல் மரியாதை.

அட்டவணையில் தப்பே இல்லை. ஆனால் அது கடலுக்குப் போட்ட கணக்கு. கடல் வற்றி முடிந்த அந்த நிமிடத்தில் ஏரிக்குள் தண்ணீர் இன்னும் உயரமாகத்தான் நிற்கிறது, வாய் குறுகலாக இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் வெளியேற முடியவில்லை. கடல் ரொம்பக் கீழே, ஏரி மேலே, அப்படியென்றால் ஓட்டம் எப்போது அதிகம்? சரியாக அந்த நேரத்தில்தான்! நான் தண்ணீர் நிற்கும் என்று நினைத்த மணிதான் அது வெளியே பாய்வதில் உச்சமான மணி. கடல் மறுபடி ஏறி ஏரியின் மட்டத்தைத் தொட்ட பிறகுதான் வாயில் தண்ணீர் திரும்பும், அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம், அந்த வருடம் மணல் வாயை எப்படி வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்தது.

உள்ளேயிருந்து ஓட்டம் வெளியே பாய்கிறது, வெளியேயிருந்து காற்றும் அலையும் உள்ளே வருகின்றன. நெல் காயப்போடுகிற பாயை இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து தள்ளினால் நடுவில் எப்படி மடிப்பு மடிப்பாக எழும்பும்? அதே மாதிரி அலை நீளம் சுருங்கி, உயரம் கூடி, செங்குத்தாக நிற்கும். படகைப் பின்னாலிருந்து ஒரு அலை தூக்கியது, அணியம் முன்னால் இருந்த குழியில் குத்தியது, பின்முனையான அமரம் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது, அடுத்த அலை மேலே. இதைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகவில்லை. என்னையும் கூட வந்தவனையும் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கயிறு வீசி எடுத்தார்கள். வலை போயிற்று, இன்ஜின் உப்பில் போயிற்று, அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம். சித்தப்பா நாலரை மணிக்கு மேல் நங்கூரத்தை எடுத்து, ஏறுகிற தண்ணீரோடு சாவகாசமாக உள்ளே வந்தார்.

அவர் எதைப் பார்த்தார்? வாய்க்குள் நட்டிருக்கிற வலைக் கழிகளை. ஓடுகிற தண்ணீரில் நிற்கிற கழிக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி நீர் இழுபடும். வால் நீளமாகக் கடல் பக்கம் கிடந்தால் ஓட்டம் வெளியே. வால் குறுகிக் குறுகிக் காணாமல் போனால் தண்ணீர் நிற்கிறது. அப்புறம் ஏரிப் பக்கம் முளைக்கும், அதுதான் உள்ளே வர நேரம். நீங்கள் படகு எடுக்கிற இடம் எண்ணூரோ பிச்சாவரமோ, ஏதாவது ஒரு வலைக் கழி, பாலத்துத் தூண், மிதக்கிற நுரை இருக்கத்தான் செய்யும். ஒரு மாதம் அட்டவணை நேரத்தையும் இந்த வாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், உங்கள் வாய் எவ்வளவு தாமதிக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் வாய் அடுத்த வருடம் அதே தாமதம் காட்டாது, மறுபடி எழுத வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தக் கணக்கும் உதவாது. ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்தாலோ, பிச்சாட்டூர் அணையைத் திறந்தாலோ, எங்கள் வாயில் நாள் கணக்கில் தண்ணீர் வெளியே மட்டும்தான் போகும். பூண்டி திறந்தால் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூருக்கு அதே நிலை. மேலே வெள்ளம், எதிரே வாடைக்காற்று. அந்த நாட்களில் மழை நின்று வெயில் அடித்தாலும் வாய்க்குப் போகாதீர்கள். கரையில் இருக்கிறவனுக்கு மழை முடிந்துவிட்டது, ஆற்றுக்கு இன்னும் முடியவில்லை.

2011 டிசம்பர் 25. சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிப் போன படகு எங்கள் ஊரில் கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். என்ன காரணம், யார் தப்பு என்று அப்போது ஆளுக்கொன்று பேசினார்கள், நான் அதற்குள் போகவில்லை. முந்தின நாள் மார்கழி அமாவாசை என்பது மட்டும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகும் யாராவது வந்து, "அண்ணே, முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். பணம் அதிகம் தருகிறேன் என்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று கழற்றி உட்காருகிற இடத்தில் மெத்தையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், இன்னும் ஒன்றே ஒன்று. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093, இரண்டையும் போனில் ஏற்றிவையுங்கள். போனைப் பாலிதீன் கவரில் போட்டு, காற்றில்லாமல் கட்டி, கவரை உங்கள் உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள். படகில் வைக்காதீர்கள். அன்றைக்கு நான் இன்ஜின் பெட்டி மேல் வைத்திருந்த நோக்கியா இன்னும் அந்த முகத்துவாரத்தில்தான் எங்கேயோ கிடக்கிறது.