வால்வு அடிக்கடி போவது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம்.

கிதார் ஆம்ப்ளிபையரில், ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வு போய்விட்டால் புதியது வாங்கிப் பொருத்துகிறோம். சில வாரங்களில் அதுவும் போய்விட்டால் வால்வின் தரத்தைக் குறை சொல்கிறோம். ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக வால்வுகள் போகும்போது, அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள மின்சுற்றுதான் என்பதை நான் பல காலமாக வலியுறுத்தி வருகிறேன்.

இங்கிலாந்தில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிபையரை எடுத்துக்கொள்வோம். ஷேடோஸ், பீட்டில்ஸ் குழுவினர் பயன்படுத்திய அதில் நான்கு ஈ.எல்.84 வால்வுகள் உள்ளன. இந்த வால்வினுள் மின்னோட்டம் வந்து சேரும் உலோகத் தகடு தாங்கும் வெப்ப அளவு 12 வாட். யாரும் வாசிக்காதபோதே இவை ஏறத்தாழ அந்த எல்லையில் இயங்குவதால், ஆயுள் சற்றுக் குறைவதைப் பழுதென்று கொள்ள வேண்டியதில்லை. தகடே சிவந்து கனன்றால்தான் அது பழுது. வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு உள்ளே இழை ஒளிர்வது நினைவிருக்கும், அது இயல்பானது. இழை ஒளிர்வது வேறு, தகடு சிவப்பது வேறு.

இதே அமைப்பில் தனியொருவர் கட்டிய ஆம்ப்ளிபையர் ஒன்று என்னிடம் வந்தது. நான்கு வால்வுகளில் ஒரே ஜோடிதான் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. நான் புதிய வால்வு எதையும் வாங்கவில்லை. இரு ஜோடிகளையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினேன். சிவப்பு வால்வோடு இடம் மாறினால் குற்றம் வால்வுடையது. பழைய சாக்கெட்டுகளிலேயே நின்றுவிட்டால் குற்றம் மின்சுற்றினுடையது. அங்கே சிவப்பு பழைய இடத்திலேயே நின்றது.

வால்வின் கிரிட் என்பது வாய்க்கால் மடை போன்றது. தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தை அதுவே கட்டுப்படுத்துகிறது. இந்த அமைப்பில் கிரிட்டில் டிசி எனப்படும் நேர்மின்னழுத்தம் ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிபையரை இயக்கியவுடன் அளந்தபோது அப்படித்தான் இருந்தது; நன்றாகச் சூடேறிய பின் அளந்தபோதோ பிளஸ் பக்கமாகச் சில வோல்ட்டுகள் ஏறியிருந்தன. முந்தைய கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கெப்பாசிட்டர், சூடேறியதும் கசிந்துகொண்டிருந்தது. கிரிட் பிளஸ் பக்கம் ஏறினால் மடை அளவுக்கு மீறித் திறந்து, மின்னோட்டம் மிகுந்து தகடு சிவக்கும். அந்த ஜோடி இரண்டும் ஒரே கெப்பாசிட்டரைப் பகிர்வதால் இரண்டும் சேர்ந்தே சிவந்தன. மலிவான அந்த ஒரு பொருளை மாற்றியதும் சிவப்பு நின்றது. எனவே, சூடேறிய பிறகு அளக்க வேண்டும் என்பதை மீண்டும் சொல்கிறேன். குளிர்ந்த நிலையில் அளந்தவர்கள் இந்தக் கசிவைத் தவறவிடுவார்கள்.

எனக்குரிய நேரம் முடியப்போவதால் எஞ்சியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். வால்வினுள் ஸ்கிரீன் எனப்படும் இன்னொரு கிரிட்டுக்குச் செல்லும் மின்தடை கருகியிருக்கிறதா என்றும், வீட்டு மின்னழுத்தம் ஆம்ப்ளிபையருக்குக் குறித்த அளவைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வாசித்தால் வால்வோடு, அதை ஸ்பீக்கருடன் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கெடலாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கலாம். ஆகவே பயிற்சி இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே கூடாது. தகடு சிவப்பதைக் கண்டால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, எந்தச் சாக்கெட்டில் கண்டீர்கள் என்பதைப் பழுதுபார்ப்பவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.